தகரக் கூரைக்கு அடியில் என் தொண்டை

ஏற்காட்டில் மழை பெய்தால் ஊரே சொர்க்கமாகிவிடுகிறது என்று சுற்றுலா வருகிறவர்கள் சொல்வார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்து எங்கள் பள்ளிக்கூடத்து நீள ஹாலில், தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி, எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அரைப் பீரியடில் சொர்க்கம் தெளிந்துவிடும்.

எங்களுடையது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடம். வகுப்பறைகள் போதாமல் போனபோது, வளாகத்தில் இருந்த பழைய காப்பிக் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டு வகுப்பாக்கினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் என் எட்டாம் வகுப்பும். நான் கணக்கு டீச்சர். அந்தப் பக்கம் தமிழ் டீச்சரும் அவருடைய ஏழாம் வகுப்பும். பலகைக்கு மேலே, கூரைவரைக்கும் வெறும் வெளி. சத்தம் போய்வர அதைவிட நல்ல வழி கிடையாது.

தமிழ் டீச்சர் செய்யுளை ஒப்பிக்க விட்டால் என் பிள்ளைகளும் இங்கிருந்தபடியே கூட முனகுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘எடுங்கடா வாய்ப்பாடு’ என்று நான் ஒரு குரல் விடுவேன். உடனே அந்தப் பக்கம் செய்யுள் ஒரு படி மேலே ஏறும். நானும் ஏறுவேன். நேருக்கு நேர் நாங்கள் ஒரு கடுஞ்சொல் பேசிக்கொண்டதில்லை. “ஏனுங்க டீச்சர், இன்னைக்கு உங்க பக்கம் சத்தம் நொம்ப எச்சா இருந்துச்சுங்களே?” என்று அவர் ஸ்டாஃப் ரூமில் சிரித்துக்கொண்டே கேட்பார். “அப்படீங்களா? உங்க சத்தத்துல எனக்கு எங்க சத்தமே கேக்கலீங்க டீச்சர்” என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். டீ குடிப்போம். மணி அடித்ததும் மறுபடியும் ஆரம்பித்துவிடுவோம்.

எனக்கு என் குரல்மேல் கர்வம் உண்டு. ஏன் மறைக்க வேண்டும்? சுதந்திர தின விழாவில் கரண்ட் போய் மைக் செத்துப்போனால் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பவர். “இந்த வேலைக்கு உன்னையத்தான் எடுத்துருக்கோணும். மலைக்கு அந்தாண்ட பழம் பறிக்கறவங்களையும் நின்ன எடத்துல இருந்தே கூப்புட்டுருவ” என்று கேலி செய்வார். அவர் பரம சாது. வீட்டில் இரண்டு பேர் கத்தினால் தாங்காது என்று ஆண்டவனே பார்த்துச் சேர்த்துவைத்திருக்கிறான்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் மழை விழுவதைத் தூரத்திலிருந்து கேட்டால் தாளம். அடியில் நின்று கேட்டால், ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கடலை வறுக்கிற மாதிரி இருக்கும். அதற்கு மேலே தமிழ் டீச்சர். அதற்கும் மேலே நான். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே. அரையாண்டுப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன்.

குரல் முதலில் கம்மியது. பிறகு பாதி வார்த்தையில் அறுந்துபோய், மீதி வார்த்தையில் திரும்பி வந்தது. மலையில் இருக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டுவது ஒரு விஷயமா? எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பனிதான் காரணம். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடித்தேன். சித்தரத்தையை மென்றேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகளை மிட்டாய்போல வாயில் அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினேன். சத்துணவுக்கூடத்தில் ஆயாவின் கையில் சாம்பார் கொட்டியபோது பள்ளிக்கூடமே ஓடியது. மருந்துப் பெட்டி வந்தது, ஜீப் வந்தது. அதுதான் முறை. டீச்சருக்குத் தொண்டை போனால் மட்டும், “ரெண்டு மிளகை வாயில போடுங்க டீச்சர்” என்பதோடு சரி. அவர்களை மட்டும் சொல்வானேன், எனக்கே அதைக் காயம் என்று நினைக்கத் தோன்றவில்லை.

மழை விட்டது. மார்கழி பிறந்தது. குரல் மட்டும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு என் தாய்மாமன் நினைவு வந்தார். அவருக்கும் தொண்டைக் கட்டு என்றுதான் ஆரம்பித்தது. அவரும் பனி என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. தொண்டையில் புற்று. அவரைக் கடைசிவரை ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர்தான். மாமன் போனபின் இந்த மனுஷர் ஒரு மாதிரி இளைத்துப்போய்த் திரும்பிவந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது நான் சாப்பிடும்போது என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “முழுங்கறப்ப வலிக்குதா?” என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயந்து செத்தேன். உயிர் போய்விடுமோ என்று ஒரு பயம். உயிர் இருந்து குரல் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று அதைவிடப் பெரிய பயம். வாயில்லாத டீச்சரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்? குளிக்கும்போது கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து பார்ப்பேன். உள்நாக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் போகலாம் என்றால், போனால் சொல்லிவிடுவாரே என்று பயம். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அதுவரைக்கும் இருக்கிற குரலைச் சிக்கனமாகச் செலவழிப்போம் என்று முடிவு செய்தேன். கணக்கு டீச்சர் இல்லையா! கத்தினால் குரல் செலவாகிறது. ஆகவே கிசுகிசுத்தால் மிச்சமாகும். இதில் என்ன தப்பு இருக்க முடியும்? ஒரு திங்கட்கிழமை காலை, மழையில்லாமல் மஞ்சுமூட்டம் மட்டும் ஜன்னல்வரை வந்து நின்ற நேரத்தில், வகுப்புக்குள் போய்க் காற்றுக் குரலில் சொன்னேன்: “உக்காருங்க சாமி. கணக்கு நோட்டை எடுங்க.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, அதே காற்றுக் குரலில், “எந்தப் பயிற்சிங்க டீச்சர்?” என்று கேட்டாள். நான் கிசுகிசுக்க, அவர்கள் கிசுகிசுக்க, ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் சாக்பீஸ் சத்தம் கேட்டது. என் சர்வீஸில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் அடுத்து நடந்தது புரியும். கத்திக்கொண்டிருக்கிற ஒரு வகுப்பு திடீரென்று அடங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்ஸ்பெக்ஷனுக்கு ஆபீசர் வந்துவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் செய்யுள் நடு வரியில் நின்றது. “ஸ்ஸ்! நேரா உக்காருங்க கண்ணு” என்று தமிழ் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. ஹால் அடங்கியதைக் கேட்டு எதிர் வராந்தாவில் ஆறாம் வகுப்பு அடங்கியது. அதைக் கேட்டு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் மொத்தமும் பூசை நேரத்து மாதா கோயில்போல ஆகிவிட்டது. யாரோ போய்த் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சிஸ்டர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் வரவேற்புச் சிரிப்போடு, கைகூப்பியபடியே ஹாலுக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஒரு தட்டில் காப்பியும் பிஸ்கட்டும் வந்தது. உள்ளே நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டர் கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார்.

“ஆபீசர் எங்கீங்க டீச்சர்?” என்றார்.

நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, “ஆபீசர் இல்லீங்க சிஸ்டர், தொண்டைதானுங்க” என்று கிசுகிசுத்தேன். அவருக்குப் புரியவில்லை. பதிலுக்கு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு மழை வந்து கூரைமேல் கொட்டியது.

சிஸ்டர் பேசினார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சத்தமாகப் பேசினார். கேட்கவில்லை. கத்தினார். முகம் சிவந்து, இருமல் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான். என்ன செய்வது, காப்பித் தட்டு வேறு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். ஆபீசருக்கு வந்த காப்பியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நான் ஓட்டுக் கட்டடத்துல ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்கிட்டு, டீச்சருங்க ஏன் இப்படிக் கத்தறீங்கன்னு கோவிச்சிருக்கேன். இன்னைக்கு அஞ்சு நிமிஷம் கத்தினேன், இன்னமும் எரியுது. ஆயா கையில சாம்பார் கொட்டினா அது வேலை செய்யற எடத்துல பட்ட காயம். அப்ப இது என்னங்க?” இனிமேல் கனமழை பெய்கிற நேரத்தில் ஹாலில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கரும்பலகையில் எழுதிப்போட்டு வேலை வாங்கினால் போதும் என்று சொன்னார். கூரைக்கு அடியில் சத்தத்தைக் குறைக்கிற அட்டை போட ஆள் பார்ப்பதாகவும் சொன்னார். சொன்னபடி அடுத்த விடுமுறையில் போட்டும்விட்டார். அந்த எழுத்து வேலைக்குப் பிள்ளைகள் ‘மழைப் பாடம்’ என்று பேர் வைத்து, இன்றைக்கும் மழை வராதா என்று ஜன்னலைப் பார்க்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் சிஸ்டர் என்னை மட்டும் நிறுத்தினார். “பரீட்சை கிடக்கட்டும். நாளைக்கே சேலம் போயிக் காட்டுங்க. இது கேக்கறது இல்லீங்க, உத்தரவு.”

வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். பழம் பறிக்கிற உச்ச சமயம், அன்றைக்குத்தான் முதலாளி வேறு வருகிறார். வேண்டாம், சும்மா பார்த்துவிட்டு வருகிற வேலைதான் என்று சைகையிலேயே அடக்கிவிட்டேன். உண்மையில் அவரை மறுபடி ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. தனியாகப் போய், என்ன வந்தாலும் முதலில் நான் தாங்கிக்கொண்டு, பிறகு அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பஸ் ஏற வந்தால், ஸ்வெட்டரும் கைப்பையுமாகத் தமிழ் டீச்சர் நின்றுகொண்டிருக்கிறார்.

“நீங்க எங்கீங்க டீச்சர்?” என்று கிசுகிசுத்தேன்.

“உங்க கூடத்தானுங்க. லீவு சொல்லிட்டு வந்துட்டேன். அங்க போயி பேர் கூப்புட்டா என்னன்னு பதில் சொல்லுவீங்க? ஊமைக்கோட்டானாட்டம் உக்காந்துருந்தா அடுத்த ஆளை உள்ள உட்டுருவாங்க. ஏறுங்க, ஏறுங்க.”

அட, இந்த மனுஷிக்கு மலைப்பாதை வளைவு ஆகாது. அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் அவர் முகம் வெளுத்து, எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்துகிடந்தார். யார் நோயாளி என்று கண்டக்டருக்கே சந்தேகம் வந்திருக்கும். இடையில் ஒரு வளைவில் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “டீச்சர், நேத்து நீங்க கத்தாம விட்டதுல எனக்கும் கத்த வேண்டியதில்லாம போச்சுங்க. ஊட்டுக்குப் போனா தொண்டை வலியே இல்லை. நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பக்கம் சத்தமே இல்லாம வெறிச்சுனு கிடந்தது என்னமோ மாதிரி இருக்குதுங்க.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. என் பேரைக் கூப்பிட்டதும் தமிழ் டீச்சர், “வந்துட்டோமுங்க!” என்று போட்ட சத்தத்தில், காத்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் என் மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். அதன் நுனியில் கேமரா. அது காட்டுவதைப் பார்க்கிற திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. “ஈ… சொல்லுங்க” என்றார். சொன்னேன். குழாயை எடுக்காமல் மறுபடி சொல்லச் சொன்னார். திரையை உற்றுப் பார்த்தார். எனக்குத் திரை தெரியவில்லை, அவர் முகம்தான் தெரிந்தது. அதில் எதையாவது படிக்க முடியுமா என்று பார்த்தேன். ஒன்றும் முடியவில்லை. மாமனை நினைத்தேன். வீட்டுக்காரர் பாதியில் எழுந்துபோன சாப்பாட்டுத் தட்டுகளை நினைத்தேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“டீச்சருங்க” என்று தமிழ் டீச்சர் கதவோரத்திலிருந்து பதில் சொன்னார்.

“அப்படித்தான் நினைச்சேன். கூரை என்ன கூரை?”

“தகரமுங்க.”

டாக்டர் சிரித்தார். சிரித்தார்! அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் உடம்பில் கட்டிவைத்திருந்தது ஏதோ அவிழ்ந்துவிட்டது. குழாயை உருவிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். செக்கச்செவேலென்று ஏதோ குகைபோலத் தெரிந்தது, அதற்குள் இரண்டு வெள்ளைக் குரல்நாண்கள். இரண்டிலும் ஒரே இடத்தில், நேருக்கு நேர், ஆளுக்கொரு சின்ன மேடு.

“இதுதான். மண்வெட்டி புடிக்கற கையில காய்ப்பு காய்க்குமில்ல, அதேதான். கத்திக் கத்தி ஒண்ணோட ஒண்ணு மோதி காய்ச்சுப் போச்சு. பாடறவங்களுக்கு வரும், டீச்சருங்களுக்கு நிறைய வரும். நீங்க பயந்துக்கிட்டு வந்தது இது இல்லை. ஆபரேஷன்கூட வேண்டியதில்லை. குரலுக்குப் பயிற்சி இருக்கு, சொல்லித்தர ஆள் இருக்காங்க. சில வாரம் கழிச்சு மறுபடி குழாய் விட்டுப் பாத்துருவோம்.”

நான் நன்றி சொல்ல, காற்றுக் குரலில் வாயெடுத்தேன். டாக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

“இந்தக் கிசுகிசு எத்தனை நாளா?”

தமிழ் டீச்சர் விவரம் சொன்னார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “வர்ற டீச்சருங்கள்ல பாதிப் பேர் இதையே பண்றாங்க. குரலை மிச்சம் புடிக்கிறேன்னு கிசுகிசுக்கறது. அது கத்தறதுக்குக் கொஞ்சமும் கொறைஞ்சதில்லை, தொண்டையை இறுக்கிப் புழியுது. இனிமே அதுவும் கிடையாது. ஒரு வாரத்துக்கு மூச்! ஒரு வார்த்தை வாயில இருந்து வரக்கூடாது. அப்புறம் மெதுவா, சாதாரணக் குரல்ல பேச ஆரம்பிக்கலாம்.”

சரிதான் போ! நான் போட்ட கணக்கிலேயே உருப்படாத கணக்கு அதுதான். ஆனால் யாருக்கு வெட்கம்? எனக்கு அந்த நிமிஷம் ஆட வேண்டும்போல இருந்தது. தமிழ் டீச்சர் டாக்டருக்கு முன்னாலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மருந்து வாங்கக் கீழே ஓடினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. வீட்டுக்காரர். எஸ்டேட்டில் காப்பி காயப்போடுகிற களத்து மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றிருக்கிறார். யோசிக்காமல் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான், பேசக் கூடாதே என்று உறைத்தது. படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். தமிழ் டீச்சரைக் காணோம்.

“பாத்தாச்சா?” என்றார்.

நான் பேசவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

போனை விரலால் தட்டினேன். அதில் அவருக்கு என்ன புரியும்?

“ஏம்மா… பேசு. எதா இருந்தாலும் சொல்லு.” பிறகு அவர் மூச்சு உடைவது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத ஒரு சத்தம். “சரி சாமி. சொல்ல வேண்டாம். அழுவாத. எங்கயும் போயிராத, அங்கயே இரு. நான் பொறப்பட்டு வர்றேன். நான் இருக்கறேன், என்ன? நான் பாத்துக்கறேன்…”

எந்த டாக்டர் எந்த உத்தரவு போட்டால் எனக்கென்ன?

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். கிசுகிசுப்பு இல்லை, குரலேதான். கிழிந்து, கரகரத்து, பாதியில் அறுந்து வந்தது. “வெறும் காய்ப்புதானுங்க. அது இல்லீங்க. அது இல்லவே இல்லீங்க.”

களத்தில் ஆட்கள் பேசிக்கொள்வதும் யாரோ சாக்கை உதறுவதும் போனில் கேட்டது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

“இன்னொருக்கா சொல்லு சாமி” என்றார்.

சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து முறைத்தார். முறைக்கட்டும் என்று இன்னொரு முறை சொன்னேன்.